முறுக்குப் பட்டறைச் சுவருக்குத் தீப்பிடிக்காத வெப்பக் காப்புப் பலகை: நாமே வார்க்க முடியுமா?

பிறை_முறுக்கு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பினாங்கு மாநிலத்துப் பிறையில் சின்னதாக ஒரு முறுக்குப் பட்டறை நடத்துகிறேன். மூன்று காஸ் அடுப்பு, மூன்று குவாலி (வாணலி). அடுப்புகளுக்குப் பின்னால் சாமான் அறையைப் பிரிக்க ஒரு தடுப்பு இருக்கிறது, இரண்டு பக்கமும் மெல்லிய தகரம், நடுவில் வெள்ளை போலிஸ்டைரின் நுரை. நாங்கள் கடையை எடுக்கும்போதே அது இருந்தது, நானும் சுத்தமாக இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

போன மாதம் எண்ணெய் பொங்கி அடுப்பில் விழுந்து தீ எழும்பியது. காஸை அடைத்து, குவாலிக்கு மூடி போட்டு, ஒரு நிமிடத்துக்குள் அணைத்துவிட்டோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மறுநாள் காலையில் தகரத்தைத் துடைக்கும்போது ஒரு இடத்தில் தட்டினால் டொங் என்று வெற்றோசை. திருகாணியைக் கழற்றி ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். அடுப்புக்கு நேராக இரண்டு கை அகலத்துக்கு உள்ளே நுரையே இல்லை, உருகிச் சுருங்கி, கீழே ஆறிப்போன வெல்லப்பாகு மாதிரி மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தத் தடுப்புக்கு மறுபுறம்தான் எண்ணெய் டின்களை அடுக்குகிறோம். பள்ளி விட்டு வரும் என் பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதும் மேசையும் அங்கேதான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நுரையைத் தூக்கிப் போட்டுவிட்டு, எரியவே எரியாத பொருளில் 50 மில்லிமீட்டர் பலகை செய்து வைக்கலாம் என்று முடிவு செய்தேன். ஆர்க்கிட் வளர்ப்பவர்களுக்கு மூட்டையில் விற்கிறார்களே பெர்லைட், அதை வாங்கி, சோடியம் சிலிகேட் திரவம் ஊற்றிப் பிசைந்து, மரச்சட்டத்தில் அழுத்திக் காயவைத்தேன். ஒரு வாரத்தில் நன்றாகக் கெட்டியானது. எடை ஒன்றுமே இல்லை, ஒற்றைக் கையில் தூக்கலாம். சந்தோஷமாக இருந்தது. அப்புறம் மழை ஆரம்பித்தது. மூன்று வாரத்தில் ஓரமெல்லாம் ஊறின பிஸ்கட் போல ஆகிவிட்டது, மேலே வெள்ளையாகப் பஞ்சு மாதிரி உப்பு பூத்துவிட்டது. காஸ் டார்ச்சால் சூடு காட்டினேன், படார் என்று ஒரு துண்டு தெறித்துக் கண்ணாடியில் வந்து அடித்தது. நல்லவேளை பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்தேன்.

எங்கே தப்பு செய்தேன்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கிள்ளான்_லேக்கிங் எழுதியது:

தம்பி, முதலில் அந்த நுரையை இன்றைக்கே கழற்றுங்கள், பலகை அப்புறம். போலிஸ்டைரின் 100 டிகிரிக்குப் பக்கத்தில் வந்தாலே இளகிவிடும். தகரம் மூடியிருக்கிறதே என்று நினைக்க வேண்டாம், உருகி ஓடினதும் உள்ளே ஒரு குகை உண்டாகும், தீ அதற்குள் நுழைந்தால் வெளியே நிற்கிற உங்கள் கண்ணுக்குத் தெரியாது, தண்ணீர் அடித்தாலும் போய்ச் சேராது. பாலியூரித்தேன் வகையாக இருந்தால் இன்னும் மோசம், எரியும்போது ஹைட்ரஜன் சயனைடும் கார்பன் மோனாக்சைடும் வரும். லண்டனில் 2017 ஜூன் 14 அன்று கிரென்ஃபெல் டவர் எரிந்ததை எல்லாரும் பார்த்தோம். நாலாவது மாடி வீட்டில் ஒரு குளிர்பெட்டியில் தொடங்கிய தீ. வெளிச்சுவரில் பாலிஎத்திலீன் வைத்த அலுமினியத் தகடு, அதற்குப் பின்னால் பிளாஸ்டிக் நுரை. 72 பேர் போய்விட்டார்கள்.

முப்பது வருஷம் குழாய்க்கும் பாய்லருக்கும் இன்சுலேஷன் சுற்றியவன் நான், லேக்கிங் என்போம். எங்கள் தொழிலில் இதற்குப் பழக்கமான பலகை கால்சியம் சிலிகேட். சுண்ணாம்பும் சிலிகாவும் கலந்த கூழை, பெரிய அழுத்தக் கலத்தில் நீராவியில் பல மணி நேரம் வேகவைப்பார்கள். அப்போது ஊசி ஊசியாகப் படிகம் வளர்ந்து ஒன்றையொன்று பின்னிக்கொள்ளும், அந்தப் பின்னலுக்கு நடுவில்தான் காற்று. ஒரு வகைப் படிகம் 650 டிகிரி வரைக்கும் தாங்கும், இன்னொரு வகை 1000 வரைக்கும் போகும். இதை வீட்டில் செய்ய முடியாது, பிரஷர் குக்கரை வைத்து முயற்சி செய்ய வேண்டாம். வாங்குங்கள். வாங்கும்போது ஒன்று கேளுங்கள்: கூரைக்கு அடிக்கிற கனமான சிலிகேட் பலகையும், இன்சுலேஷனுக்கான லேசான சிலிகேட் பலகையும் பெயரில் ஒன்று, வேலையில் வேறு. கனமானது தீயில் எரியாது, ஆனால் சூட்டை அப்படியே பின்னால் கடத்திவிடும்.

எரியாமல் இருப்பது ஒரு குணம், சூட்டைத் தடுப்பது இன்னொரு குணம். இரும்புத் தகடு எரியாது, அதற்குப் பின்னால் அட்டைப்பெட்டி வைத்தால் அட்டைப்பெட்டி எரியும். சோதனைக் கூடத்தில் தடுப்புச் சுவரைச் சூளையின் வாயில் நிறுத்தி எரிப்பார்கள், பின்பக்கச் சூடு தொடக்கத்தில் இருந்ததைவிடச் சராசரியாக 140 டிகிரிக்கு மேல் ஏறினால், அல்லது ஏதாவது ஒரு இடத்தில் 180 டிகிரிக்கு மேல் ஏறினால் தோல்வி. சுவர் அப்படியே நின்றாலும் தோல்விதான்.

செந்தூல்_வீடுபுதுப்பு எழுதியது:

இவ்வளவு சிரமம் எதற்கு அண்ணே? மக்னீசியம் பலகை என்று விற்கிறார்களே, விலை குறைவு, எரியாது, ரம்பத்தால் அறுக்கலாம். நான் செந்தூலில் இரண்டு வீட்டுக்குப் போட்டிருக்கிறேன்.

ரசாயன_டீச்சர் எழுதியது:

பாயான் லெப்பாஸில் இருக்கிறேன், இருபது வருஷமாக வேதியியல் சொல்லித் தருகிறேன். செந்தூல்காரர் கோபப்படக் கூடாது, அந்தப் பலகையை இங்கே போடுவதற்கு முன் டென்மார்க்கில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2010-ஐ ஒட்டி அங்கே ஏராளமான கட்டடங்களில் வெளிச்சுவருக்கு மக்னீசியம் பலகை அடித்தார்கள். இரண்டு மூன்று குளிர்காலம் போனதும் பலகையின் மேல் வியர்வைத் துளி போல உப்புத் தண்ணீர் கசிந்தது. அங்கே அதற்கு 'அழும் பலகை' என்றே பெயர் வந்துவிட்டது. திருகாணி துருப்பிடித்தது, மரச்சட்டம் ஊறிப் பூஞ்சை பிடித்தது, கடைசியில் எல்லாவற்றையும் பிரித்து எடுத்தார்கள்.

காரணம் எளிது. அதில் பல வகைகள் மக்னீசியம் ஆக்சைடும் மக்னீசியம் குளோரைடும் சேர்த்துச் செய்த சிமெண்ட். 1867-ல் ஸ்டானிஸ்லாஸ் சோரெல் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்தது, இன்றைக்கும் சோரெல் சிமெண்ட் என்றுதான் சொல்வார்கள். மக்னீசியம் குளோரைடுக்குத் தண்ணீர் என்றால் அப்படி ஒரு ஆசை, காற்றின் ஈரப்பதம் 33 சதவீதத்தைத் தாண்டினாலே காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானே கரைந்துவிடும். பினாங்கில் எப்போது 33 சதவீதம் இருந்தது? மழை நின்ற மத்தியானத்தில்கூட இருக்காது. குளோரைடுக்குப் பதில் சல்ஃபேட் போட்ட வகை இருக்கிறது, அது இந்த விஷயத்தில் பரவாயில்லை. விற்பவரிடம் எது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே போட்ட வீடுகளில் திருகாணித் தலைகளை ஒரு தடவை போய்ப் பாருங்கள் தம்பி.

இப்போது முறுக்குக்காரரின் கேள்வி. உங்கள் பலகையும் கிட்டத்தட்ட இதே நோயில்தான் விழுந்தது. சோடியம் சிலிகேட் காய்வதும் இறுகுவதும் ஒன்றல்ல. வெறுமனே காய்ந்தால் அது கற்கண்டு போல, தண்ணீர் பட்டால் திரும்பக் கரைய ஆரம்பிக்கும். அதிலிருக்கிற சோடியம், காற்றிலிருக்கும் கார்பன் டையாக்சைடோடு சேர்ந்து சோடியம் கார்பனேட் ஆகிறது, நீங்கள் பார்த்த வெள்ளைப் பஞ்சு அதுதான். தெறித்ததற்குக் காரணம் உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம். ஒரு சொட்டுத் தண்ணீர் நீராவியானால் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். வெளியே போக வழி இல்லையென்றால் உடைத்துக்கொண்டுதான் போகும்.

கிள்ளான்_லேக்கிங் எழுதியது:

டீச்சர் சொன்னதற்கு மேல் ஒரு வார்த்தை. ஆர்க்கிட் மூட்டையை நான் குறை சொல்லவில்லை, சரக்கு நல்ல சரக்கு. பெர்லைட் எரிமலைக் கண்ணாடி. அந்தக் கல்லுக்குள்ளே 2 முதல் 5 சதவீதம் தண்ணீர் சிறைப்பட்டிருக்கும். 900 டிகிரி வாக்கில் சூடாக்கினால் கல் இளகும், உள்ளேயிருக்கிற தண்ணீர் ஆவியாகி அதை அரிசிப்பொரி மாதிரி பொரித்துவிடும். இடுக்கில் இருக்கிற காற்றுதான் நமக்கு வேலை செய்கிறது. அதனால் பிசையும்போது நசுக்கிவிடக் கூடாது. நசுக்கினால் பலகை கெட்டியாகும், சூடு தடுக்கிற குணம் போய்விடும். அழுத்தாமல் விட்டால் உதிரும். அந்த நடு இடத்தைக் கையால் பழகித்தான் பிடிக்க வேண்டும்.

பிறை_முறுக்கு எழுதியது:

டீச்சர், அண்ணே, இரண்டு பேருக்கும் நன்றி. நுரைத் தடுப்பை நேற்றே கழற்றிவிட்டேன். எண்ணெய் டின்களை வெளிக் கொட்டகைக்கு மாற்றியாகிவிட்டது, பிள்ளைகள் மேசை முன்பக்கம் வந்துவிட்டது. அப்படியானால் சோடியம் சிலிகேட்டை விட்டுவிட வேண்டுமா? வேறு எதை வைத்து ஒட்டுவது? சிமெண்ட் போட்டால் எடை ஏறுகிறது.

ரசாயன_டீச்சர் எழுதியது:

விட வேண்டாம், அதற்குத் துணை கொடுங்கள். அலுமினா இருக்கிற ஏதாவது ஒன்று அதனோடு வினைபுரிய வேண்டும். மெட்டாகேயொலின் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நம் தாப்பா, பீடோர் பக்கம் தோண்டுகிற வெள்ளைக் களிமண் கேயொலின், அதை 700 டிகிரி வாக்கில் சுட்டால் அதன் படிகக் கட்டு குலைந்து, காரத்தோடு வினைபுரியத் தயாராக நிற்கும். அதோடு சோடியம் சிலிகேட்டும் கொஞ்சம் காஸ்டிக் சோடாவும் சேர்ந்தால், சிலிக்கானும் அலுமினியமும் ஆக்சிஜன் வழியாகக் கைகோத்து ஒரு வலை உண்டாகும். கரையாது. ஜியோபாலிமர் என்று பெயர். அந்தப் பெயரை வைத்த ஜோசப் டாவிடோவிட்ஸ் இந்த ஆராய்ச்சியில் இறங்கியதே தீயினால்தான், 1970-களின் தொடக்கத்தில் பிரான்சில் அடுத்தடுத்து நடந்த பெரும் தீவிபத்துகளைப் பார்த்துவிட்டு எரியாத ஒரு பொருளைத் தேடினார்.

கவனம்: காஸ்டிக் சோடா கண்ணில் பட்டால் பார்வை போகும். தண்ணீரில் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், சோடாவில் தண்ணீரை ஊற்றவே கூடாது. கையுறை, முகத்தை மூடும் கண்ணாடி, பக்கத்தில் ஓடுகிற குழாய்த் தண்ணீர், இது மூன்றும் இல்லாமல் தொடங்காதீர்கள். அலுமினியச் சட்டியிலோ துத்தநாகம் பூசிய தகரத்தின் மேலோ கலக்க வேண்டாம், காரம் அந்த உலோகத்தை அரித்து ஹைட்ரஜன் வாயு கிளப்பும். பிளாஸ்டிக் வாளி போதும். பிள்ளைகள் இருக்கும் நேரத்தில் இந்த வேலையே வேண்டாம்.

கூலிம்_நெல் எழுதியது:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். எங்கள் கெடாவில் உமி மலை மலையாகக் கிடக்கிறது. நெல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி, அதை எரித்தால் கிடைக்கும் சாம்பலில் பத்துக்கு ஒன்பது பங்கு போல சிலிகாதான் என்று படித்தேன். இதைக் காஸ்டிக்கில் காய்ச்சினால் சோடியம் சிலிகேட்டே கிடைக்குமாமே? காசு கொடுத்து வாங்காமல் இதைப் போடக் கூடாதா? வீட்டில் பழைய அஸ்பெஸ்டாஸ் கூரைத் துண்டுகளும் கிடக்கின்றன, இடித்துத் தூளாக்கி நாருக்குச் சேர்க்கலாமா?

கிள்ளான்_லேக்கிங் எழுதியது:

கூலிம் தம்பி, அந்தக் கூரையைத் தொடாதீர்கள். இடிக்க வேண்டாம், அறுக்க வேண்டாம், கூட்டிப் பெருக்கவும் வேண்டாம். உடையாமல் இருக்கிற வரைக்கும் அது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், எடுக்க வேண்டுமென்றால் அதற்கென்று பழகிய ஆட்களைக் கூப்பிடுங்கள்.

என் அப்பாவும் லேக்கிங் வேலைதான். அந்தக் காலத்தில் அஸ்பெஸ்டாஸ் இல்லாத இன்சுலேஷனே கிடையாது. மூட்டையைப் பிரித்து ட்ரம்மில் கொட்டி, தண்ணீர் விட்டுக் கையால் பிசைந்து குழாயில் பூசுவார்கள். வீட்டுக்கு வரும்போது தலையில், புருவத்தில் எல்லாம் வெள்ளையாக இருக்கும், அம்மா வாசலில் நின்று சட்டையை உதறுவார். வேலையை விட்டு இருபத்தைந்து வருஷம் கழித்து அப்பாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. அந்த நார் நுரையீரலில் அவ்வளவு காலம் சும்மா இருந்துவிட்டு அப்புறம் வேலையைக் காட்டும். நாருக்குக் கண்ணாடி நார் இருக்கிறது, பசால்ட் நார் இருக்கிறது.

ரசாயன_டீச்சர் எழுதியது:

அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

உமிச் சாம்பல் பற்றி: யோசனை அருமையானது, ஆனால் எப்படி எரித்தது என்று பார்க்க வேண்டும். 700 டிகிரிக்குள் நிதானமாக எரித்தால் சிலிகா படிகமில்லாமல் இருக்கும், வினைபுரியும். கண்டபடி அதிகச் சூட்டில் எரித்தால் கிறிஸ்டோபலைட் என்ற படிகமாக மாறிவிடும், வினையும் குறையும், தூசியை மூச்சில் இழுத்தால் நுரையீரலுக்கும் கேடு. சாம்பல் கறுப்பா வெள்ளையா என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள், கறுப்பாக இருப்பது எரியாமல் மிஞ்சிய கரி. அந்தக் கரி நம் பலகைக்கும் ஆகாது, எரியாத பலகைக்குள் எரியும் பொருளை நாமே வைத்தது போல ஆகும். எப்படி எரித்தது என்று தெரியாத சாம்பலை இந்த வேலைக்கு நான் எடுக்க மாட்டேன்.

முறுக்குக்காரருக்கு நார் பற்றி: சாதாரணக் கண்ணாடி நாரைக் காரம் தின்றுவிடும். சிர்கோனியா சேர்த்த, காரத்தைத் தாங்கும் வகை என்று கேளுங்கள். கூடவே ஒரு சிட்டிகை பாலிபுரோப்பிலீன் நாரும் போடுங்கள். அது 165 டிகிரி வாக்கில் உருகி, பலகைக்குள் மயிரிழைத் துளைகளை விட்டுச் செல்லும், நீராவி அந்த வழியாக வெளியேறும். சுரங்கப்பாதைக் கான்கிரீட்டில் செய்கிற வேலை இது. கரிமப் பொருள்தான், ஆனால் அளவு மிகக் குறைவு, தெறிப்பதை அது நன்றாகக் குறைத்துவிடுகிறது.

ஈப்போ_சுரங்கம் எழுதியது:

எனக்கு ஒரு சந்தேகம். துளை பெரிதாக இருந்தால் காற்று அதிகம், அப்படியென்றால் பெரிய பெர்லைட்தானே நல்லது? இன்னொன்று, சூடு கூடும்போது டைட்டானியம் ஆக்சைடு, சிர்கான் தூள் கலந்தால் வெப்பக் கதிர்வீச்சைத் தடுக்கும் என்கிறார்கள். எங்கள் பக்கம் பழைய வெள்ளீயச் சுரங்க மணலில் அமாங் என்ற கனிமக் கழிவு கிடைக்கிறது, இல்மனைட்டும் சிர்கானும் அதில்தான் இருக்கின்றன.

ரசாயன_டீச்சர் எழுதியது:

அறைச் சூட்டில் நீங்கள் சொல்வது ஓரளவு சரி. அசையாத காற்று சூட்டை மிகக் குறைவாகவே கடத்தும். ஆனால் 600, 700 டிகிரியில் கணக்கு மாறிவிடுகிறது. துளையின் ஒரு சுவர் மறு சுவருக்கு வெளிச்சம் போலச் சூட்டை வீசும், அந்த வீச்சால் கூடும் கடத்தல் எண் கெல்வினில் அளந்த வெப்பநிலையின் மூன்றாம் அடுக்கில் ஏறும், துளை பெரிதாக இருந்தால் இன்னும் தாராளமாகப் பாயும். அதனால் தீக்கு முன்னால் நிற்கும் பலகைக்குச் சின்னத் துளை நிறைய இருப்பதே நல்லது. விற்கிறவர் கொடுக்கும் கடத்தல் எண்ணும் பெரும்பாலும் அறைச் சூட்டில் அளந்தது, தீயில் அது இரண்டு மடங்கானாலும் ஆச்சரியமில்லை.

நீங்கள் சொல்லும் தூள்களும் அந்த வேலையைச் செய்யும், உண்மைதான். ஆனால் அமாங் வேண்டாம். அதில் மோனசைட்டும் இருக்கும், மோனசைட்டில் கதிரியக்கமுள்ள தோரியம் இருக்கிறது. புக்கிட் மேராவில் அந்தக் கழிவோடு மக்கள் பட்ட பாடு உங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகள் நடமாடும் சுவரில் அதை வைக்கக் கூடாது.

ஓய்வு_பொம்பா எழுதியது:

பட்டர்வொர்த்தில் இருக்கிறேன், தீயணைப்பில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். எல்லாரும் பலகையின் நடுவைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் பார்த்த கடைத் தீக்களில் பலகையின் நடு வழியாகத் தீ தாண்டியதே இல்லை என்று சொல்லலாம். மூட்டு வழியாகத் தாண்டும். வயர் போக ஓட்டை போட்டுவிட்டு அடைக்காமல் விட்ட இடம், மேலே சுவர் முடிந்து கூரைக்குள் திறந்து கிடக்கிற இடம், பலகையைத் தாங்குகிற அலுமினியச் சட்டம். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும், இரும்பு 550, 600-இல் பாதி பலத்தை இழந்துவிடும். சட்டம் வளைந்தால் பலகை எவ்வளவு நல்லதாக இருந்தும் கீழே விழும்.

ஜார்ஜ்டவுன் பழைய கடைவீடுகளில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டு வீட்டுக்கும் நடுவே கனமான செங்கல் சுவர், அது ஒன்றும் ஆகாது. மாடியில் பலகைத் தளம், மேலே கூரை மரம் பக்கத்து வீட்டோடு தொட்டுக்கொண்டிருக்கும். சுவருக்கு மேலே ஒரு முழம் திறந்திருந்தால் தீ அந்த வழியாக நாலு வீட்டுக்குப் போய்விடும்.

தம்பி, உங்கள் பலகையை இரண்டு அடுக்காகப் போடுங்கள், 25, 25 என்று, முதல் அடுக்கின் மூட்டு இரண்டாவது அடுக்கின் நடுவில் வருகிற மாதிரி. திருகாணி ஒரே நீளமாக இரண்டையும் துளைத்துப் பின்னால் போகக் கூடாது, அந்த இரும்பே சூட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

இன்னொரு விஷயமும் சொல்லியாக வேண்டும். வீட்டில் வார்த்த பலகையைத் தீத்தடுப்புச் சுவர் என்று யாருக்கும் சொல்லாதீர்கள். சட்டம் கேட்கிற சுவர் வேறு. 1984-ஆம் ஆண்டு சீரான கட்டட விதிகள் இருக்கின்றன, சிரிம் போன்ற சோதனை நிலையத்தில் எரித்துப் பார்த்த அறிக்கை வேண்டும், பொம்பா (தீயணைப்புத் துறை) ஒப்புதல் வேண்டும். காப்புறுதிக்காரர்களும் அதைத்தான் கேட்பார்கள். உங்கள் தடுப்பை முதலில் சிமெண்ட் கல்லில் கூரை வரைக்கும் கட்டுங்கள். உங்கள் பலகை அந்தச் சுவருக்கு முன்னால் சூட்டைக் குறைக்கிற கவசமாக இருக்கட்டும்.

பிறை_முறுக்கு எழுதியது:

ஐயா சொன்னபடி கல் சுவர் கட்டியாகிவிட்டது, கூரைத் தகரம் வரைக்கும். கொத்தனார் மேலே ஒரு சாண் விட்டுவிட்டுப் போகப் பார்த்தார், நின்று அடைக்கச் சொன்னேன்.

இப்போது இரண்டாவது கலவை. 100 லிட்டர் சின்ன மணிப் பெர்லைட், எடை 10 கிலோ வந்தது. மெட்டாகேயொலின் 6 கிலோ, சோடியம் சிலிகேட்டும் காஸ்டிக்கும் கலந்த திரவம் 9 கிலோ, காரம் தாங்கும் நார் 200 கிராம், பாலிபுரோப்பிலீன் நார் ஒரு கைப்பிடி. பெர்லைட்டைக் கடைசியில் கொட்டி, முறுக்கு மாவுக்கு நெய் விட்டுப் பிசிறுவோமே அப்படிப் பிசிறினேன், பிசையவில்லை. கையில் பிடித்தால் பிடி நிற்க வேண்டும், விரலால் தொட்டால் உதிர வேண்டும், கொழுக்கட்டைக்கும் புட்டுக்கும் நடுவான பதம். சட்டத்தில் மூன்றில் இரண்டு பங்காக அழுத்தி, பிளாஸ்டிக் போர்த்தி மூன்று நாள் அப்படியே வைத்தேன், அப்புறம்தான் திறந்து காயவிட்டேன். முதல் தடவை உடனே வெயிலில் வைத்தது தப்பு என்று இப்போது புரிகிறது.

தினமும் தராசில் வைத்து எழுதினேன். பதினெட்டாவது நாளுக்குப் பிறகு எடை குறையவில்லை. ஒரு துண்டை உடைத்து ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் போட்டேன், ஓரம் கூர்மையாகவே இருந்தது. காரம் இருந்தால் நீலமாகும் நிறத்தாளை அந்தத் தண்ணீரில் நனைத்தால் கொஞ்சம் நீலம் காட்டுகிறது, முதல் கலவை அளவுக்கு இல்லை.

பின்வாசலில் பழைய செங்கல் அடுப்பு ஒன்று இருக்கிறது, அதன் வாயை 50 மில்லிமீட்டர் பலகையால் மூடி உள்ளே பர்னர் வைத்தேன். வெப்பமானி இரண்டு, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. முன்பக்கம் 750 டிகிரியில் நிறுத்தினேன். பின்பக்கம் அரை மணி நேரத்தில் 70, ஒரு மணி நேரத்தில் 88. பின்பக்கம் விரலை ஒரு கணம் வைத்து எடுக்க முடிந்தது. தெறிப்பு இல்லை. என் மனைவி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், இரண்டு பேருக்கும் கண் கலங்கிவிட்டது.

ரசாயன_டீச்சர் எழுதியது:

மிகவும் சந்தோஷம். ஆனால் அதே பலகையை நாளைக்கு இன்னொரு தடவை சுட்டுப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

பிறை_முறுக்கு எழுதியது:

சுட்டேன் டீச்சர். ஒரு மணி நேரத்தில் பின்பக்கம் 140-ஐத் தாண்டிவிட்டது. அதே பலகை, அதே பர்னர். என்ன ஆயிற்று?

ரசாயன_டீச்சர் எழுதியது:

முதல் நாள் உங்களுக்கு உதவியது தண்ணீர். எடை நின்றுவிட்டது என்றால் நம் ஊர்க் காற்றோடு சமமாகிவிட்டது என்று அர்த்தம், உள்ளே ஈரமே இல்லை என்று அர்த்தமில்லை. வலைக்குள் பிணைந்த நீரும் உண்டு. அது ஆவியாகிற வரைக்கும் பின்பக்கம் 100 டிகிரியைத் தாண்ட விடாது. ஜிப்சம் பலகை தீயைத் தாங்குவது இந்த ஒரு பலத்தில்தான், அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு படிகத்துக்குள் இருக்கும் நீர். உண்மையான தீயில் அந்த நீர் நமக்கு நண்பன், நியாயமாகக் கணக்கில் சேர்க்கலாம். ஆனால் அடுப்புக்குப் பின்னால் தினமும் எட்டு மணி நேரம் நிற்கிற பலகையில், தீ வருகிற நாளில் அந்த நீர் எவ்வளவு மிச்சமிருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் இரண்டாவது எண்ணை வைத்தே பலகையின் தடிமனை முடிவு செய்யுங்கள்.

சோதனைச் சூளை இன்னும் கடுமையானது என்பதையும் மறக்க வேண்டாம். ஐ.எஸ்.ஓ. 834 என்ற தீச்சோதனைத் தரத்தின் கணக்குப்படி 5 நிமிடத்தில் 576 டிகிரி, அரை மணியில் 842, ஒரு மணியில் 945. உங்கள் கலவையில் சோடியம் இருக்கிறது, கண்ணாடி செய்கிறவர்கள் மணலைச் சீக்கிரம் உருக்கச் சேர்ப்பது அதே சோடாதான். 900 டிகிரியில் உங்கள் பலகையின் முகம் இளகிச் சுருங்கி வெடிப்பு விடும். அதைத் தள்ளிப்போட வேண்டுமென்றால் அடுத்த கலவையில் பொட்டாசியம் சிலிகேட், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போடுங்கள். விலை கூட, உப்புப் பூப்பதும் குறையும்.

செந்தூல்_வீடுபுதுப்பு எழுதியது:

டீச்சர், நான் போட்ட இரண்டு வீட்டுக்கும் போய்ப் பார்த்தேன். ஒரு வீட்டில் குளியலறைக்குப் பக்கத்துச் சுவரில் திருகாணித் தலை எல்லாம் பச்சையும் பழுப்புமாக இருக்கிறது, கீழ் ஓரத்தில் தொட்டால் பிசுபிசுப்பு. வீட்டுக்காரரிடம் நானே சொல்லிவிட்டேன், அடுத்த மாதம் என் செலவில் மாற்றித் தருகிறேன். விற்றவர் கொடுத்த தாளில் குளோரைடா சல்ஃபேட்டா என்று ஒரு வரிகூட இல்லை.

கிள்ளான்_லேக்கிங் எழுதியது:

நல்ல காரியம் செய்தீர்கள் செந்தூல் தம்பி. மாற்றும்போது அந்தப் பலகையின் பின்னால் இருந்த இரும்புச் சட்டத்தையும் சுரண்டிப் பாருங்கள், உப்புத் தண்ணீர் அங்கே இறங்கியிருக்கும்.

முறுக்குத் தம்பி, பலகைக்கும் கல் சுவருக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி விட்டு, கீழேயும் மேலேயும் சும்மா நாட்களில் காற்று போக வழி வையுங்கள். ஈரம் தங்காது. தீ சமயத்தில் அதே வழி புகைபோக்கியாகிவிடும் என்று பொம்பா ஐயா சொல்வார், அதனால் மேல் வழியைச் சூடு பட்டால் உப்பி அடைத்துக்கொள்ளும் பட்டையால் ஓரம் கட்டுங்கள்.

ஓய்வு_பொம்பா எழுதியது:

அதைத்தான் எழுத வந்தேன், அண்ணன் முந்திக்கொண்டார். பட்டையை வாங்கினால் வேலை முடிந்தது என்று இல்லை, எண்ணெய்ப் பிசுக்கு படியாமல் மாதம் ஒரு தடவை துடைக்க வேண்டும். குவாலி மூடியைக் கைக்கு எட்டும் ஆணியில் மாட்டுங்கள். எண்ணெய்த் தீக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று வேலைக்கு வரும் பெண்களுக்குச் செய்து காட்டுங்கள், வாயால் சொல்வது போதாது.

பிறை_முறுக்கு எழுதியது:

மூடிக்கு ஆணி அடித்தாயிற்று ஐயா, மூன்று அடுப்புக்கும் மூன்று. நேற்று சாயங்காலம் வேலை முடிந்ததும் எல்லாரும் ஒவ்வொரு முறை மூடியை எடுத்துப் போட்டுப் பழகினார்கள்.

பொட்டாசியம் கலவையில் நாலு பலகை வார்த்து மூடி வைத்திருக்கிறேன், கனத்தை 60 மில்லிமீட்டராக ஏற்றி, 30, 30 என்று இரண்டு அடுக்கு. தீபாவளி ஆர்டர் தொடங்குவதற்குள் மாட்டிவிட வேண்டும். இன்றைக்கு ஏழாவது நாள், காலையில் 5 கிலோ 400, நல்ல மழை. எடை நின்றதும் இரண்டு முறை சுட்டுவிட்டு இரண்டு எண்ணையும் இங்கே போடுகிறேன்.